இடது பக்கம்

இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கிறவரைக்கும் வண்டியை யாரும் தொடக்கூடாது என்று ஒர்க்‌ஷாப் மேனேஜர் போனிலேயே சொல்லியிருந்தார். தொட்டுக் கெடுப்பதற்கு அதில் இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று தமயந்திக்குத் தோன்றியது. ஆனாலும் கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, டிரைவர் கதவுக்கு ஒரு எட்டு தள்ளி, வண்டியின் வலது பக்கத்தில் நின்றாள். வலது பக்கமிருந்து பார்த்தால் வண்டிக்கு ஒன்றுமே இல்லை. கதவில் ஒரு கீறல் கிடையாது, கண்ணாடியில் அவள் முகம் தெரிகிறது, பின் சீட்டில் அன்றைக்குக் கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பைகூட அப்படியே சாய்ந்து கிடக்கிறது, உள்ளே தேங்காய் இந்நேரம் அழுகியிருக்கும். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினால் கிளம்பிவிடும் போலத்தான் இருக்கிறது. இடது பக்கம் போனால்தானே சங்கதி. இடது பக்கம் போக அவளுக்குக் கால் வரவில்லை. பெருந்துறை ரோட்டில் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நேராக இந்தப் பக்கம் வந்து நின்றவள்தான், நகரவேயில்லை. கொட்டகை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன், கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "வெயில்ல எதுக்கு நிக்கற, இப்படி வந்து உக்காரு" என்றார். "இருக்கட்டுங்க" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒருவரையொருவர் இப்படியே கூப்பிட்டு, இப்படியே மறுத்துப் பழகிய இரண்டு பேர். அவர் அதற்குமேல் கூப்பிடவில்லை.

வண்டியை இனிச் சரிபண்ண மாட்டார்களாம். பண்ணுகிற செலவு வண்டியின் மதிப்பையே எட்டிப் பிடிக்கிறதாம், அதனால் டோட்டல் லாஸ் என்று எழுதி, கம்பெனி ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, இந்த உடைசலை எவனோ ஒரு பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போய்விடுவானாம். மேனேஜர் இதை நல்ல சேதி சொல்கிற குரலில் சொன்னார். நல்ல சேதிதான், யார் இல்லையென்றது. ஆனால் அவளுக்கு என்னவோ அந்த வலது பக்கத்துக்காகப் பாவமாக இருந்தது. ஒன்றுமே ஆகாத கதவு, ஒன்றுமே ஆகாத சீட்டு, அவள் முதுகு பதிந்து பதிந்து லேசாகக் குழிந்த இடம், இதெல்லாமும் சேர்ந்துதான் போகும். பாதி பிழைத்தாலும் மொத்தமாகப் போனதாகத்தான் கணக்கு போல. அந்தச் சீட்டில் யார் உட்கார்ந்து ஓட்டினார்கள் என்று மட்டும் சீட்டுக்கு வாய் இருந்தால் சொல்லிவிடும். அவள் வலது தோளில் ஆரம்பித்து ரவிக்கைக்குள் சரிந்து போகிற பெல்ட் தழும்பு இன்னும் மஞ்சள் மாறாமல் இருக்கிறது, குளிக்கும்போது தண்ணீர் பட்டால் விண்ணென்று இருக்கிறது. வீட்டுக்குப் பார்க்க வந்த அத்தனை சனத்தில் ஒருத்தருக்கும் அதைக் காட்டவில்லை. காட்டினால் பெல்ட் ஏன் வலது தோளில் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். யார் கேட்கப்போகிறார்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆரஞ்சையும் வைத்துவிட்டு எல்லாரும் நேராக அவர் கட்டிலுக்குத்தான் போனார்கள்.

"நல்லவேளை, மாமா ஓட்டுனாரு. அத்தை ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?" அவருடைய தங்கை மகள் இதைச் சொல்லிக்கொண்டே அவள் போட்டுக் கொடுத்த டீயைத்தான் குடித்தாள். நல்லா இருக்குதுங்க அத்தை டீ என்றும் சொன்னாள். தமயந்தி சிரித்து வைத்தாள். சிரித்தபடியே சமையலறைக்குள் போய்ச் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றதும், குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் ஒரு மூச்சு விட்டதும் யாருக்குத் தெரியும். அவர் ஓட்டவில்லை, நான்தான் ஓட்டினேன் என்று அந்தக் கூடத்தில் நின்று சொல்லியிருந்தால்? நாக்கு நுனிவரை வந்துதான் இருந்தது. ஆனால் அவர் ஏற்கனவே ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, மோதின மரத்தடியிலேயே சொல்லியாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் சொல்லியாகிவிட்டது, கம்பெனிக்குப் போன் போட்டு ஓட்டியவர் யார் என்று போனை எடுத்த பெண் கேட்டபோது ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "நாந்தானுங்க" என்றும் சொல்லியாகிவிட்டது. எலும்பு நொறுங்கின வலியிலும் மனுஷனுக்கு முதலில் தோன்றியது அதுதான். ஊட்டுப் பொம்பளை பேரு எதுக்கு நாலு பேர் வாயில விழணும் என்று. அவளிடம் செல்லுகிற லைசென்ஸ் இருக்கிறது, முறையாக எட்டுப் போட்டு வாங்கினது. சொன்னால் ஒரு குறையும் வந்திருக்காது. அதை யோசிக்காமல்தான் அவர் சொன்னார், பிரியத்தில் சொன்னார், அந்தப் பிரியத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல்தான் இவளும் இத்தனை நாளாக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

முதல் இரண்டு நாள் நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்கிற நிம்மதி. அப்புறம்தான் அது வேறு மாதிரி ஆயிற்று. பெங்களூரிலிருந்து வந்த கௌதம், பெற்ற மகன், அப்பாவின் கட்டிலோரம் நின்று, "இந்த வயசுல இனிமே ஸ்டீயரிங்கத் தொடாதீங்கப்பா. கம்பெனி குடுக்கறத பேங்க்ல போட்ருங்க, எங்க போகணுமோ டாக்ஸி போட்டுப் போங்க" என்று சொன்னபோது சென்னியப்பன் சரி என்று தலையை ஆட்டினாரே, அங்கேதான். மின்வாரிய ஜீப்பை மலைமேலெல்லாம் ஓட்டிப் போய் வந்த மனுஷன். காரைக் கழுவுகிற நாளில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கழுவுகிற மனுஷன். கண் மங்கிப்போச்சு, கை நடுங்குது, நிதானம் இல்லை என்று மகன் அடுக்கிக்கொண்டே போக, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு பார்வைகூட இவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் இவள் சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி, "உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பேச்செல்லாம்" என்று கேட்டாள். "போச்சாது உடு" என்றார். போகட்டும் என்று விட்டுவிட அதென்ன சில்லறையா.

அதெல்லாம்கூட இருக்கட்டும். அவளை அரிப்பது அதுவுமில்லை. சுற்றிச் சுற்றி வந்து மனசு கால் தடுக்கி விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். இடது பக்கம். ஏன் இடது பக்கம். காங்கேயம் தாண்டி, இருபுறமும் வேலி போட்ட காடுகள், வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, ரோட்டில் வேறு வண்டியே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கல்யாண வீட்டுப் பாயசத்தில் சேமியாவைத் தேட வேண்டியிருந்தது என்று சொல்லிக்கொண்டு வந்தார். மற்ற நாளில் இவள் ஓட்டும்போது அவருடைய வலது கால் சும்மா இருக்காது, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும், வாய் கிளட்ச் கிளட்ச் என்று முனகும். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தக் கால் மடக்கி அக்கடாவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் இவளுக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு, அதற்காகவா கண் பட்டது, அந்தப் பூரிப்பில் ஒரு கணம் கவனம் பிசகினாளா? இல்லை. பிசகவில்லை. மனசுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டாள், பிசகவில்லை. வலது பக்கக் காட்டிலிருந்து, இரண்டு வேலிக்கு நடுவே ஓடுகிற இட்டேரி வழியாக அந்த மொபெட் திடீரென்று ரோட்டுக்கு ஏறியது, ஒரு இளவட்டம், பின்னால் அவன் பெண்டாட்டி, மடியில் சோளத்தட்டுக் கட்டு. குறுக்கே வந்தவன் வண்டியைப் பார்த்ததும் பயந்துபோய் நடுரோட்டிலேயே நின்றுவிட்டான். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். மூக்குத்தி தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் அவள் முகம். அவ்வளவுதான். கை இடது பக்கம் ஒடித்தது. அப்புறம் புளியமரம்.

வலது பக்கம் ஒடித்திருந்தால்? வலது பக்கம் அந்த இட்டேரி வாயில் திறந்துதானே கிடந்தது. அங்கே போயிருந்தால் வேலி முள்ளோடு போயிருக்கும், இல்லை ஒரு கல்லில் இவள் பக்கம் மோதியிருக்கும். இவள் பக்கம். ஆனால் கை இடது பக்கம் போயிற்று. அவர் உட்கார்ந்திருந்த பக்கம். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்தக் கை அப்படிப் போனதா? யோசித்து ஒடித்ததில்லை, யோசிக்க ஏது நேரம். யோசிக்காமல் செய்ததில்தானே ஒருத்தியின் நிஜம் தெரியும். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொல்வார், பயந்தால் மனுஷனுக்குக் கை தன்னைக் காப்பாற்றத்தான் போகும் மேடம், அதனால்தான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிற சீட்டில் நான் உட்கார்ந்து பயப்படுகிறேன் என்று. சிரிப்பாகத்தான் சொன்னார். அந்தச் சிரிப்பு இப்போது ராவெல்லாம் கேட்கிறது. எதற்காக வண்டி ஓட்டக் கற்றாள்? அவருக்காகத்தானே. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவருக்குச் சிறுநீரகக் கல் வலி வந்து கட்டிலில் புழுவாகத் துடித்தபோது, போர்டிகோவில் வண்டி நிற்கிறது, கையில் சாவி இருக்கிறது, ஓட்டத் தெரியாது. அக்கம்பக்கம் கதவைத் தட்டிக்கொண்டு ஓடினாளே. அந்த மாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அவருக்காகக் கற்ற கைதான் அவரைக் கொண்டுபோய் மரத்தில் சார்த்தியது. இதை அவரிடம் கேட்டுவிட வேண்டும். எப்படிக் கேட்பது. உங்களைக் கொடுத்துவிட்டு நான் தப்பித்தேனா என்று கட்டின புருஷனிடம் எந்த வாயால் கேட்பது. அவரும் இதையே நினைத்துக்கொண்டிருந்தால்? ராத்திரி எலும்பு வலியில் முழித்துக்கிடக்கும்போது அவருக்கும் இது தோன்றாமலா இருக்கும்? தோன்றியிருக்கும். தோன்றித்தான், அவள் பெயர் வெளியில் வராமல் மூடிவைக்கிறாரோ. அப்படியானால் அது பிரியம் இல்லை, மன்னிப்பு. மன்னிப்பை வாங்கிக்கொண்டு மனுஷியால் எத்தனை நாள் சோறு தின்ன முடியும்.

பைக்கில் வந்து இறங்கியவர்தான் சர்வேயர். கௌதமைவிடச் சின்ன வயதாக இருக்கும், தலைக்கவசத்தைக் கழற்றியதும் வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. வணக்கம் வைத்துவிட்டு நேராக வண்டியின் இடது பக்கம் போய்க் குனிந்தார், அவருக்கென்ன, வேலை. எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், போட்டோ, போட்டோ. "மேடம், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, வலது பக்கமும் எடுக்கணும்" என்றார். தள்ளிப் போனதில் அவள் இடது பக்கம் வந்து சேர்ந்தாள். பார்த்தாள். கதவு உள்வாங்கி, சீட்டை இடித்துக்கொண்டு, அந்தக் கதவுக்கும் கியருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அந்த ஒரு முழத்துக்குள்தான் அவர் உட்கார்ந்திருந்தார். பாயசத்தைக் கேலி பண்ணிக்கொண்டு. பக்கத்திலிருந்த ஆயில் டிரம்மைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க சார். நீங்கதானே ஓட்டுனது?"

"ஆமாங்க தம்பி." சென்னியப்பன் நாற்காலியில் நிமிர்ந்தார். "காங்கேயம் தாண்டி வந்துட்டு இருந்தோமுங்க. எருமை ஒண்ணு குறுக்க வந்துபோடுச்சு."

எருமை. தமயந்தி அவரைப் பார்த்தாள். அந்த மொபெட்காரனையும் பெண்டாட்டியையும் அவர் அன்றைக்கே அனுப்பிவிட்டார். மரத்தடியில் ரத்தம் வழிய உட்கார்ந்துகொண்டு, கதவை நெம்பித் தன்னை வெளியே தூக்கிய அந்தப் பையனிடம், "நீங்க போங்க சாமி, கேசு கீசுன்னு அலைய வேண்டாம்" என்று சொன்னார். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். இப்போது அவர்களுக்குப் பதிலாக ஒரு எருமையைக் கொண்டுவந்து ரோட்டில் நிறுத்திவிட்டார். இவள் பெயரையும் மூடியாயிற்று, அவர்களையும் மூடியாயிற்று. எல்லாரையும் காப்பாற்றிவிட்டு, கட்டுப்போட்ட கையோடு தனியாக உட்கார்ந்திருக்கிறது கிழம்.

"சரிங்க. அப்புறம்?"

"அப்புறமென்ன, பிரேக்க ஒரே மிதி மிதிச்சேன். வண்டி இழுத்துட்டுப் போயி மரத்துல அடிச்சுபோடுச்சு."

சர்வேயர் போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை, சந்தேகப்படுகிற குரலும் இல்லை, புரியாத குரல்தான். "ரோட்டுல டயர் தேய்ஞ்ச தடமே இல்லைங்களே சார். அன்னிக்கே நம்மாளு போய் போட்டோ எடுத்திருக்காரு. பிரேக் அடிச்ச மாதிரியே தெரியலை. அப்படியே ஒடிச்சுத் திருப்புன மாதிரியில்ல இருக்குது."

சென்னியப்பன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "இல்லீங்க தம்பி, மிதிச்சேன்... மிதிச்சனே..." என்றார். பொய் சொல்லிப் பழகாத முகம் வெளுத்துப்போயிருந்தது. மகன் வயசுப் பையன் ஒருவன் முன்னால் அவர் வார்த்தை தேடித் தடுமாறுவதை அவளால் ஒரு கணம்கூடப் பார்க்க முடியவில்லை. பணம் போகட்டும், பேர் போகட்டும், சனம் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், இந்த முகம் இப்படி ஆகக்கூடாது.

"பிரேக் மிதிக்கலைங்க," என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "ஒடிச்சேன். நாந்தான் ஓட்டுனேன். எருமை இல்லைங்க, மொபெட்டுல ரெண்டு பேரு. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. எங்கிட்ட லைசென்ஸ் இருக்குதுங்க."

"தமயந்தி," என்றார் சென்னியப்பன்.

"இருங்க. எத்தன நாளைக்கு."

சர்வேயர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வயசுக்கு மீறின ஒரு பெருமூச்சு விட்டார். "கம்பெனிக்குச் சொல்லும்போது சார் பேரைச் சொல்லிட்டீங்க. இப்ப மாத்திச் சொன்னா அவங்க கேள்வி கேப்பாங்க மேடம். நடந்ததை நடந்தபடி நீங்க ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நானும் சேத்து அனுப்பறேன். குடுப்பாங்களா மாட்டாங்களான்னு நான் வாக்குச் சொல்ல முடியாது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியலை. ஏன் சார் பிரேக்குன்னு சொன்னீங்க?"

சென்னியப்பன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், டிரம்மைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இவளைப் பார்த்தார்.

"நானா இருந்தா அதைத்தான் தம்பி பண்ணியிருப்பேன்," என்றார். "அதுனால வாயில வந்துபோச்சு. பிரேக்கைத்தான் மிதிச்சிருப்பேன், வண்டி நின்னிருக்காது, அந்த ரெண்டு பேரு மேலயும் ஏறியிருக்கும். படுத்துக்கிட்டு இத்தன நாளா அதைத்தான் நெனச்சிட்டுக் கெடக்கறேன். நல்லவேள, நான் ஓட்டாம இருந்தனேன்னு." சர்வேயர் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதிக்கோங்க. இவதான் ஓட்டுனா. நல்லா ஓட்டுவா."

மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து அது வந்ததில்லை. தமயந்திக்கு அது காதில் விழுந்தது, ஆனால் அதைத் தாண்டி மனசு வேறு எங்கோ போய் நின்றுகொண்டிருந்தது, எப்போதும் போய் நிற்கிற இடத்தில்தான். கேட்டுவிட வேண்டும். இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை. சர்வேயர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

"உங்க பக்கந்தானுங்க ஒடிச்சேன்," என்றாள். "எம் பக்கம் ஒடிக்காம, உங்க பக்கமில்ல ஒடிச்சுப்போட்டேன்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவருக்கு அப்படி ஒரு நினைப்பே இல்லை என்பது அந்த ஒரு நிமிஷத்தில் அவர் முகத்தில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பிறகு அவர் நாற்காலியிலிருந்து எழ முயன்றார், ஒரு கையை ஊன்றி எழ முடியாமல் மறுபடி உட்கார்ந்தார், உட்கார்ந்த இடத்திலிருந்தே வலது கையை நீட்டினார்.

"பின்ன?" என்றார். "வேற யாரு பக்கம் ஒடிப்ப? எம் பக்கம் ஒடிக்க உனக்கில்லாத உரிமையா."

சர்வேயர் நாகரிகமாக வண்டியின் வலது பக்கம் போய் இன்னொரு போட்டோ எடுத்தார். தமயந்தி டிரம்மை விட்டுவிட்டு, நிழலுக்குப் போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.